ஓர் ஊசியின் விலை

இத்தாலி நாட்டின் வெரோனா நகரில் ரிகோனி-ஸ்டெர்ன் என்றொரு மருத்துவர் இருந்தார். 1760 முதல் 1839 வரை அந்நகரில் மாண்டோரின் பதிவேடுகளை ஏடு ஏடாகப் புரட்டி, யார் எந்நோயால் இறந்தனர் என்று அவர் கணக்கெடுத்தார். 1842இல் அவர் வெளியிட்ட அக்கணக்கில் ஒரு புதிர் இருந்தது. மணமான மகளிரிடையே கருப்பைப் புற்றுநோயால் இறந்தோர் பலர்; கன்னிமடத்துத் துறவியரிடையே அந்நோய் மிக அரிது. அப்புதிரை விடுவிக்க மருத்துவ உலகிற்கு ஏறத்தாழ 140 ஆண்டுகள் தேவைப்பட்டன.

விடுவித்தவர் ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹௌசன். ஹெர்பிஸ் வைரசே கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணம் என்று பலர் நம்பிய காலத்தில், சாதாரண மருக்களை உண்டாக்கும் பாப்பிலோமா வைரசின் இனத்தைச் சேர்ந்தவையே குற்றவாளிகள் என்று பிடிவாதமாகக் கூறிவந்தவர் அவர். 1983இல் அவ்வினத்தின் 16ஆம் வகையையும், அடுத்த ஆண்டில் 18ஆம் வகையையும் புற்றுத் திசுக்களிலிருந்தே பிரித்துக் காட்டினார். கருப்பை வாய்ப் புற்றுநோயில் நூற்றுக்கு 70 பங்கு இவ்விரு வகைகளால் விளைவது. பால்டிமோர் நகரில் 1951இல் இந்நோயால் தமது 31ஆம் வயதில் இறந்த ஹென்றியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் உயிரணுக்கள், அவரைக் கேளாமலே எடுக்கப்பட்டு உலகின் ஆய்வுக்கூடங்களிலெல்லாம் வளர்க்கப்பட்டு வந்தன. அவற்றுள்ளும் 18ஆம் வகை வைரசின் மரபுக்கூறு ஒளிந்திருந்தது. கேளாமல் எடுத்தல் என்னும் இச்செய்தி இவ்வரலாற்றில் வேறொரு வடிவில் மீண்டும் வரும்.

காரணம் தெரிந்தவுடன் தடுப்பூசி செய்யலாமே என்று சூர் ஹௌசன் மருந்து நிறுவனங்களை அணுகினார். சந்தை இல்லை என்று கைவிரித்தனர். அம்மதிப்பீடு எத்துணைப் பிழையானது என்பதைப் பின்வந்த விற்பனைக் கணக்கு காட்டிற்று. 2008இல் நோபல் பரிசும் அவரைத் தேடி வந்தது.

சந்தையென நிறுவனங்கள் கருதியது செல்வ நாடுகளின் சந்தையையே என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். கிரேக்கத்தில் பிறந்து அமெரிக்காவில் உழைத்த பாப்பனிகோலாவ் என்பார் கண்டளித்த சோதனை முறையால், அந்நாடுகளில் இந்நோய் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே வெகுவாகக் குறைந்துவிட்டது. கருப்பை வாயிலிருந்து வழித்தெடுத்த உயிரணுக்களைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி நுண்ணோக்கியில் ஆராய்வது அம்முறை. அதற்குப் பயிற்சி பெற்ற கண்கள் வேண்டும்; ஆய்வுக்கூடம் வேண்டும்; சோதித்த பெண்ணை மீண்டும் அழைத்துவர ஓர் ஏற்பாடு வேண்டும். இவை இல்லாத நாடுகளிலோ நோய் தன் போக்கில் வளர்ந்தது. 2022ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 6,60,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டது. 3,50,000 பேர் மாண்டனர். மாண்டோரில் நூற்றுக்கு 94 பேர் வறிய, இடைநிலை வருவாயுடைய நாடுகளைச் சேர்ந்தவர்கள். இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 80,000 பேர்.

திண்டுக்கல் மாவட்டத்து ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கை என்னும் ஊர் இவ்வரலாற்றில் இடம்பெறுவது இவ்விடத்தில்தான். அவ்வூர்க் கிறித்தவ மருத்துவ நிலையமும் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் இணைந்து, 2000ஆம் ஆண்டில் ஓர் எளிய சோதனையைத் தொடங்கின. நுண்ணோக்கி இல்லை, ஆய்வுக்கூடம் இல்லை. வினிகர் என வழங்கும் காடியின் புளிப்பமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் கழித்து வெண்மை படர்கிறதா என்று செவிலியர் கண்ணால் பார்ப்பது. சிற்றூர்ப் பெண்களிடம் நடந்த இச்சோதனையால் இந்நோய்ச் சாவு நூற்றுக்கு 35 பங்கு குறைந்தது என்று 2007இல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென விடப்பட்ட ஊர்களின் பெண்களுக்கு அச்சோதனை கிட்டவில்லை என்பது பின்னர்க் கடுமையாகக் குறைகூறப்பட்டது, அக்குறை புறந்தள்ளத்தக்கதன்று. எவ்வாறாயினும், ஏழைப் பெண்ணைக் காப்பது இயலும், அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை என்பதைத் திண்டுக்கல் சீமை காட்டியது.

இதற்கிடையே தடுப்பூசியும் பிறந்திருந்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் இயன் ஃபிரேசரும் சீன நாட்டினரான ஜியான் ஷோவும், 1991இல் வைரசின் மேலுறைப் புரதத்தை மட்டும் தனியே விளைவித்து, அது தானே ஒன்றுகூடி உருண்டை வடிவுறுவதைக் கண்டனர். உள்ளே மரபுப்பொருள் இல்லை. நோய் தரும் ஆற்றல் இல்லை. ஆனால் தோற்றம் அச்சு மாறாமல் வைரசின் தோற்றம். பாம்பு உரித்த சட்டையைக் காட்டிப் பாம்பை அடையாளங் காணப் பழக்குவது போன்றது இவ்வூசியின் தத்துவம். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஷில்லர், லோவி என்னும் இருவரும் அதே காலத்தில் இவ்வழியே நடந்து, மேலும் உறுதியான உருண்டைகளைப் பெற்றனர். கண்டவர் யார் என்பது பற்றிய காப்புரிமை வழக்கு 2007 வரை நீண்டது. ஷோ அதற்கு முன்பே, 1999இல், தமது 42ஆம் வயதில் காலமாகிவிட்டார். ஊசி மக்களுக்குப் போடப்பட்டதை அவர் காணவில்லை.

2006 ஜூனில் மெர்க் நிறுவனத்தின் ‘கார்டாசில்’ அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஓர் ஊசி 120 டாலர். மூன்று முறை போட வேண்டும். ஆக 360 டாலர். அந்நாள் மதிப்பில் ஏறத்தாழ 16,000 ரூபாய். கிளாக்ஸோ ஸ்மித்கிளைன் நிறுவனத்தின் ‘செர்வாரிக்ஸ்’ அதனைத் தொடர்ந்து வந்தது. விலையில் பெரும் வேறுபாடில்லை. சோதனையால் நோய் ஏற்கெனவே அடங்கியிருந்த நாடுகள் ஊசியை உடனே வாங்கின. நோய் அடங்காத நாடுகள் விலையைக் கேட்டுத் திகைத்து நின்றன.

இந்நிலை மருத்துவ உலகிற்குப் புதிதன்று. புற்றுநோயைத் தடுக்கும் முதல் ஊசி, கல்லீரல் புற்றுக்குக் காரணமான மஞ்சட்காமாலை ‘பி’ வைரசுக்கு எதிரானது. அதுவும் முதலில் செல்வர்களின் ஊசியாகவே இருந்தது. ஐதராபாத்தைச் சேர்ந்த மின்னணுப் பொறியாளர் வரப்பிரசாத் ரெட்டி அதன் தொழில்நுட்பத்தை மேலைநாட்டு நிறுவனமொன்றிடம் விலைக்குக் கேட்டார். அத்தகைய உயர் நுட்பம் இந்தியாவுக்குக் கட்டுப்படியாகாது என்று விடை வந்ததாக அவர் பின்னாளில் பலமுறை கூறியதுண்டு. தாயின் பெயரால் ‘சாந்தா பயோடெக்னிக்ஸ்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, ஒருவகை ஈஸ்ட்டில் புரதத்தை விளைவித்து, 1997இல் அவர் உள்நாட்டு ஊசியை வெளியிட்டார். இறக்குமதி ஊசியின் விலையில் அது சிறு பங்கே. போட்டி ஏற்பட்டதும் மற்றவர்களும் விலையை இறக்கினர். எனினும் ஊசி மலிந்தவுடன் அது ஏழையின் வீட்டை அடைந்துவிடவில்லை. அரசின் தடுப்பூசித் திட்டத்தில் 2002இல் முன்னோட்டமாக நுழைந்த அது, நாடு முழுமைக்கும் விரிவடைய 2011 ஆயிற்று. விலைக்கும் வாசலுக்கும் இடையே இன்னொரு தொலைவு உண்டு.

கருப்பை வாய் ஊசிக்கு வழி திறந்த வறிய நாடுகளுள் முதலாவது பூடான்; ஆண்டு 2010. அடுத்த ஆண்டில் ருவாண்டா. இனப்படுகொலையிலிருந்து எழுந்து இருபது ஆண்டுகூட ஆகாத அந்நாடு, மெர்க் நிறுவனத்திடமிருந்து மூன்றாண்டுக்கான ஊசிகளை நன்கொடையாகப் பெற்று, ஆறாம் வகுப்புச் சிறுமியர்க்குப் பள்ளியிலேயே போட்டது. பள்ளிக்கு வராத சிறுமியரை ஊர்ச் சுகாதாரப் பணியாளர் வீடு வீடாகத் தேடினர். முதலாண்டிலேயே நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் மூன்று ஊசியும் பெற்றனர். செல்வச் செழிப்பான நாடுகள் பலவற்றாலும் எட்ட முடியாத அளவு அது. ஏழை நாட்டுக்கு இஃது அவசரமா, வேறு நோய்கள் இல்லையா என்று ஐரோப்பிய ஆய்வாளர் சிலர் எழுதியபோது, நாட்டின் சுகாதார அமைச்சர் அக்னெஸ் பினகுவாஹோ தக்க விடை அளித்தார். எது அவசரம் என்பதை வறியவர் தாமே முடிவு செய்யக்கூடாதென எண்ணும் வழக்கம் எளிதில் மறைவதில்லை.

நன்கொடை நெடுநாள் நிலைக்காது என்பதை யாவரும் அறிவர். ஏழை நாடுகளின் தேவையை ஒன்றுதிரட்டி மொத்தமாக விலை பேசும் ‘கேவி’ என்னும் தடுப்பூசிக் கூட்டமைப்பு இவ்வூசியையும் கையிலெடுத்தது. 2013 மே திங்களில் மெர்க் 4 டாலர் 50 சென்டுக்கும், கிளாக்ஸோ 4 டாலர் 60 சென்டுக்கும் ஓர் ஊசியைத் தர இசைந்தன. ஏழாண்டுக்கு முன் 120 டாலருக்கு விற்ற பொருள். அவ்விலையிலும் மூன்று ஊசிக்குப் பதின்மூன்றரை டாலர் ஆகும். ஒரு குழந்தைக்கான வழக்கமான தடுப்பூசிகளுக்கே அண்டை நாட்டுக் கையை எதிர்பார்க்கும் அரசுகளுக்கு இதுவும் பளுவே.

இக்கட்டத்தில் கதை இந்தியாவுக்குத் திரும்ப வேண்டும். திரும்பும் இடம் பெருமைக்குரியதன்று.

2009ஆம் ஆண்டில் அன்றைய ஆந்திரப் பிரதேசத்துக் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதரா மாவட்டத்திலும் ஒரு செயல்விளக்கத் திட்டம் தொடங்கியது. ‘பாத்’ என்னும் அமெரிக்கத் தொண்டு நிறுவனமும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், மாநில அரசுகளும் சேர்ந்து நடத்தியது. ஊசிகளை நிறுவனங்கள் இலவசமாகத் தந்தன. பணம் கேட்ஸ் அறக்கட்டளையுடையது. கம்மத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட மண்டலங்களுள் ஒன்று, இராமதாசரின் கீர்த்தனைகளால் தமிழரும் அறிந்த பத்ராசலம். அங்கே ஊசி பெற்ற 10 முதல் 14 வயதுச் சிறுமியருள் பலர் பழங்குடியினர். அரசு விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். பெற்றோர் தொலைவில் காடுகளிலும் சிற்றூர்களிலும் இருந்தனர்.

திட்ட காலத்தில் இரு மாவட்டங்களிலும் சேர்த்து ஏழு சிறுமியர் இறந்தனர். மகளிர் அமைப்புகள் கம்மத்துக்குச் சென்று விசாரித்து அறிக்கை வெளியிட்டன. 2010 ஏப்ரலில் அரசு திட்டத்தை நிறுத்தியது. இறப்புகளை ஆராய்ந்த குழு, நீரில் மூழ்கியது, பாம்பு கடித்தது, பூச்சிமருந்து உட்கொண்டது போன்ற காரணங்களைக் கண்டு, ஊசிக்கும் சாவுக்கும் தொடர்பில்லை எனத் தெரிவித்தது. அம்முடிவை ஐயுற இன்று இடமில்லை. பின்னாளில் உலகெங்கும் கோடிக்கணக்கானோர்க்குப் போடப்பட்ட ஊசி அது. ஆனால் அதே ஆய்வில் வெளிப்பட்ட மற்றொன்று மறைக்கவியலாதது. ஆந்திரத்தில் பார்வையிடப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களுள் 1,948இல் கைநாட்டு இருந்தது. 2,763இல் கையொப்பமிட்டிருந்தவர் பெற்றோர் அல்லர், விடுதிக் காப்பாளர். 2013 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு தனது 72ஆம் அறிக்கையில், மருந்து நிறுவனங்களின் வணிக நலனுக்கு இத்திட்டம் துணைபோனது என்று கடுஞ்சொற்களால் சாடியது. அக்குற்றச்சாட்டைப் ‘பாத்’ மறுத்தது.

நிறுவனத்தின் உள்நோக்கம் எதுவாயினும் ஆகுக. மகளின் தோளில் என்ன குத்தப்படுகிறது என்று ஒரு தாய்க்குச் சொல்லி, அவள் தலையசைக்கும் வரை காத்திருக்க ஒரு பகற்பொழுது போதும். விடுதிகளில் அதனை மிச்சம் பிடிக்கப் பார்த்தார்கள். அதன் பின் இவ்வூசியின் பெயரே இந்நாட்டில் ஐயத்துக்குரியதாயிற்று. 2016இல் பஞ்சாபின் இரு மாவட்டங்களும் 2018இல் சிக்கிம் மாநிலமும் துணிந்து தொடங்கின. இலங்கை 2017இலேயே தன் தேசியத் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது. இந்தியாவின் தேசியத் தடுப்பூசி ஆலோசனைக் குழு தெளிவான பரிந்துரை செய்ய 2022 ஆயிற்று. இடையில் ஆண்டுதோறும் மாண்ட பல்லாயிரவருள் பெரும்பாலோர் ஊசி வயதைக் கடந்தவர்களே. எனினும் அப்பன்னிரண்டு ஆண்டுகளில் ஊசி வயதைக் கடந்துபோன சிறுமியரின் கணக்கு இனிமேல்தான் தெரியவரும்.

கம்மத்துத் திட்டம் நின்ற அதே திங்களில், அதனோடு எவ்விதத் தொடர்புமற்ற வேறோர் ஆய்வும் நிறுத்தப்பட்டது. லியோன் முகமையின் மருத்துவர் சங்கரநாராயணன் தலைமையில் இந்தியாவின் ஒன்பது இடங்களில் நடந்துகொண்டிருந்தது அது. அவ்விடங்களுள் அம்பிளிக்கையும் ஒன்று. 10 முதல் 18 வயது வரையுள்ள, மணமாகாத 20,000 சிறுமியருள் ஒரு பாதியினர்க்கு இரண்டு ஊசியும் மறுபாதியினர்க்கு மூன்று ஊசியும் போட்டு ஒப்பிடுவது நோக்கம். 2009 செப்டம்பரில் தொடங்கியது. 2010 ஏப்ரல் 8இல் அரசு ஆணையால் ஊசி நின்றது. அந்நாளில் 4,348 பேர் மூன்று ஊசியும் பெற்றிருந்தனர். 4,980 பேர் ஆறு திங்கள் இடைவெளியில் இரண்டு பெற்றிருந்தனர். முதல் ஊசியோடு நின்றுபோனவர்கள் 4,949 பேர்.

ஆய்வு முறையின்படி பார்த்தால் இது சிதைந்த ஆய்வு. வேறொருவராயின் ஏட்டை மூடியிருப்பர். ஆய்வாளர் அவ்வாறு செய்யவில்லை. ஊசி போடத்தான் தடை. ஊசி போட்டவர்களைத் தொடர்ந்து பார்த்துவரத் தடையில்லை. அச்சிறுமியர் வளர்ந்தனர், மணமாகிப் பிற ஊர்களுக்குச் சென்றனர். மணத்துக்குப் பின்னும் மகப்பேற்றுக்குப் பின்னும் அவர்களைத் தேடிக் கண்டு, இசைவு பெற்று, மாதிரி எடுத்து, வைரஸ் தங்கியிருக்கிறதா என்று சோதித்தனர். பெண் மணமானதும் முகவரி மாறும் ஒரு நாட்டில் இத்தொடர்ச்சியைப் பேணியவர்கள் சிற்றூர்க் களப்பணியாளர்களே. அவர்கள் பெயர் எவ்வாய்வேட்டின் முகப்பிலும் இராது.

ஒன்பதாண்டுகள் கடந்த பின் 2021இல் முடிவு வெளிவந்தது. 16, 18 வகை வைரஸ்கள் உடலில் நிலைத்துத் தங்குவதை மூன்று ஊசி 93.3 விழுக்காடு தடுத்தது. இரண்டு ஊசி 93.1 விழுக்காடு, ஒற்றை ஊசி 95.4 விழுக்காடு. அதாவது நடைமுறையில் வேறுபாடே இல்லை. கோஸ்டா ரிக்காவில் பல்வேறு காரணங்களால் ஒற்றை ஊசியோடு நின்ற பெண்களிடம் இதே அறிகுறி முன்னரே தென்பட்டிருந்தது. கென்யாவில் இளம்பெண்களிடம் ஒற்றை ஊசியையே திட்டமிட்டுச் சோதித்த ஆய்வும் 2022இல் 97.5 விழுக்காடு என்றது. 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஒற்றை ஊசியை ஏற்கத்தக்க முறையென அறிவித்தது. 2023இல் ஆஸ்திரேலியாவும் பிரிட்டனும் தம் சிறுமியர்க்கு ஒற்றை ஊசிக்கு மாறின. ஏழை நாட்டுப் பெண்களின் உடலிலிருந்து கற்ற பாடம் செல்வ நாட்டின் செலவையும் குறைத்தது.

விலைக் கணக்கை இங்கே மீண்டும் போட்டுப் பார்க்கலாம். 2013இன் பேரத்தில் ஒரு சிறுமிக்கு ஆன பதின்மூன்றரை டாலர், இரண்டு ஊசி போதும் என்று 2014இல் முடிவானபோது 9 டாலராயிற்று. ஒற்றை ஊசியில் 4 டாலர் 50 சென்டாயிற்று. மூன்றில் இரண்டு பங்கைக் குறைத்தது எந்த வணிகரின் கருணையுமன்று. நின்றுபோன ஓர் ஆய்வைக் கைவிடாத பொறுமை. இதனிடையே மற்றொரு நெருக்கடியும் நேர்ந்தது. செல்வ நாடுகள் சிறுவர்க்கும் ஊசி போடத் தொடங்கியதால் உலகில் ஊசிக்குத் தட்டுப்பாடு வந்தது. சிறுவர்க்குப் போடுவதைச் சிறிது காலம் தள்ளிவைக்குமாறு உலக சுகாதார நிறுவனத்தின் அறிஞர் குழு 2019இல் நாடுகளைக் கேட்க நேர்ந்தது. ஒற்றை ஊசி அந்நெருக்கடியையும் தணித்தது. இருந்த ஊசியே இருமடங்கு சிறுமியர்க்குப் போதுமானதாயிற்று.

பின்னர்ப் போட்டியாளர் வந்தனர். சீனாவின் ஷியாமென் நகரத்து இன்னோவேக்ஸ் நிறுவனம், ஈ-கோலி பாக்டீரியாவில் அப்புரதத்தை விளைவித்துச் ‘செகோலின்’ என்னும் ஊசியை உருவாக்கியது. 2021இல் உலக சுகாதார நிறுவனத்தின் தகுதிச் சான்று பெற்ற அது, கேவிக்கு 2 டாலர் 90 சென்டுக்குத் தரப்பட்டது. ஷோ பிறந்த நாடு அது. இந்தியாவில் புனே சீரம் நிறுவனம், உயிரித் தொழில்நுட்பத் துறையின் துணையோடு ‘செர்வாவாக்’ என்னும் ஊசியைச் செய்து 2022 ஜூலையில் ஒப்புதல் பெற்றது. அவ்வாண்டு செப்டம்பரில் தில்லியில் நடந்த விழாவில், விலை 200 முதல் 400 ரூபாய்க்குள் இருக்கும் என்று கூறப்பட்டது. 2023இல் தனியார் சந்தைக்கு வந்தபோது குப்பியின் விலை 2,000 ரூபாய். அரசு மொத்தமாகக் கேட்கும் விலை வேறு, மருந்துக்கடையில் ஒரு தந்தை கேட்கும் விலை வேறு என்பது வணிக நியதி என்பர். தினக்கூலி வாங்கும் தந்தைக்கு அவ்விளக்கத்தால் ஆவது ஒன்றுமில்லை. அரசு வாங்கினாலன்றி இவ்வூசி அவர் மகளுக்கு இல்லை. 2025 மார்ச்சில் தமிழ்நாட்டு அரசு தன் நிதிநிலை அறிக்கையில், 14 வயதுச் சிறுமியர்க்குப் படிப்படியாக இவ்வூசி போட 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தது.

1980களில் அடையாறு புற்றுநோய் நிலையத்தார் சென்னையின் பதிவேட்டைத் தொடங்கியபோது, மகளிர் புற்றுகளுள் முதலிடத்தில் நின்றது இந்நோய். இன்று அவ்விடத்தில் மார்பகப் புற்று நிற்கிறது. ஊர்ப்புறத்து ஏழைப் பெண்ணைக் கருப்பை வாய்ப் புற்று இன்னும் விட்டுப் போகவில்லை.

முதல் ஊசியோடு நின்றவர்கள் என்று 2010இல் ஏட்டில் குறிக்கப்பட்ட அந்த 4,949 சிறுமியரும் இப்போது 25 வயதைக் கடந்த பெண்கள். அவர்களுள் மூத்தவர்களின் பெண்மக்கள் சிலர் இந்நேரம் ஊசிக்குரிய வயதை எட்டியிருக்கக்கூடும். அவர்களுக்குப் போடப்படுவதும் ஒற்றை ஊசியே.